அவள் அனுப்பிய குரலில் பாதி

என் போனில் ஒருத்தியின் குரல் முழுதாக இருக்கிறது. ஊரெல்லாம் கேட்டது அதில் பாதிதான்.

அவள் மன்னார்க்காரி. சண்டைக் காலத்தில் வந்து மண்டபம் முகாமில் இருந்தவள். பல வருடம் நானும் அவளும் ஒரே மணலில் கருவாடு காயப்போட்டோம். பிறகு புருஷனோடு ஊர் திரும்பிவிட்டாள். அவருக்கு அங்கே ஒரு சின்னப் படகு. என் மகன் இங்கே விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். இந்தப் பக்கத்து விசைப்படகுகள் இழுக்கும் மடிவலையில் சிக்கித்தான் அவள் புருஷனின் வலை அறுகிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதை மட்டும் பேச மாட்டோம். குழம்பு, மூட்டுவலி, பேரப்பிள்ளைகள் என்று போகும் பேச்சு.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவள் குரல் வந்தது.

"அக்கா, நாளைக்கு மகனை எங்கட பக்கம் விடாதேங்கோ. வலை அறுந்த கோவத்தில எங்கட ஆக்கள் நிக்கினம். வந்தால் படகையும் விடமாட்டினம், ஆக்களையும் விடமாட்டினம். உங்கட பிள்ளை எனக்கும் பிள்ளைதானே."

விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனிதான் கடல். மகன் படகுக்கு ஐஸ் ஏற்றப் போயிருந்தான். அவனுக்கு அதை அனுப்பினேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், கண்ணும் மங்கல். பேரைப் படிக்காமல் படத்தைப் பார்த்துத்தான் அமுக்குவேன். மகன் வைத்திருந்தது அவன் போகும் படகின் படம். படகுக்காரர்களின் குரூப்புக்கும் அதே படம். படகு கரை திரும்பும் நேரம் தெரியட்டும் என்று அவன்தான் அதில் என்னைச் சேர்த்திருந்தான். அவள் குரல் போய் விழுந்தது அந்தக் குரூப்பில்.

சாயங்காலத்துக்குள், 'படகையும் விடமாட்டினம், ஆக்களையும் விடமாட்டினம்' என்ற பகுதி மட்டும் வெட்டி எடுக்கப்பட்டு ஊர் ஊராகப் போனது. மேலே இலங்கைக் கொடி. கீழே 'மிரட்டும் இலங்கைப் பெண்'. தேர்தல் நேரம் வேறு. மேடையில் மைக் வைத்து அதைப் போட்டுக் காட்டினார்கள்.

மகனோடு படகில் போகிறவர்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

"வாயில்லாப் பூச்சின்னுல நெனச்சோம். நல்லா மாட்டிவிட்டுட்டியே ஆத்தா அவள."

சிரித்தார்கள். நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் வீம்புக்கென்றே அதிகப் படகுகள் அங்கே போயின. மகனும் போனான். தலையில் தையலோடு வந்தான்.

அந்தக் கரையில் அதே குரல் வேறு எழுத்தோடு போயிருக்கிறது, இந்தியப் படகுகளுக்குத் துப்புக் கொடுப்பவள் என்று. திங்கட்கிழமை பேசினாள்.

"அக்கா, எங்கட படகைத் தள்ள ஒரு கை வரேல்ல. காசு வாங்கிக்கொண்டு காட்டிக்குடுத்தனான் எண்டு சொல்லினம். பிள்ளையின்ர உசிருக்காகச் சொன்னதெண்டு உங்கட குரல்ல ஒரு சொல் அனுப்புங்கோ. இஞ்ச போட்டுக் காட்டுவன்."

மகன் பக்கத்தில் இருந்து கேட்டான்.

"பேசாம இரும்மா. நீ அனுப்புனா அது இங்கனயும் வந்துரும். அவளுக்குப் பரிஞ்சு பேசுனேன்னு என்னைய எந்தப் படகுலயும் ஏத்த மாட்டாய்ங்க."

"ஒனக்காகத்தானடா சொன்னா."

"தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன்."

நாலு பேர் நடுவில் வாய் திறந்து பழகாதவள் நான். அவன் தடுத்தது எனக்கு வசதியாகவும் இருந்தது. அவன் வெளியே போன பிறகு ஒரு தடவை போனை அமுக்கிப் பிடித்தேன். என் மூச்சு மட்டும் பதிவானது. அதை அழித்துவிட்டேன்.

மூன்று நாள் அவள் காத்திருந்தாள். நாலாம் நாள் அவள் பேருக்குப் பக்கத்தில் படம் இல்லை. இப்போது நான் என்ன அனுப்பினாலும் போய்ச் சேருவதில்லை. மகன் அதே படகில்தான் போகிறான்.