டிரைவர்களுக்கு அறை ஒதுக்கியவர்

தொங் ஷி-கையின் வீட்டு அலமாரியைத் திறந்தால் சட்டைகள் தலையில் விழும். ஜோடி சேர்ந்த காலுறை ஒன்றுகூடத் தேறாது. மனைவி சொல்லிச் சொல்லி அலுத்து விட்டுவிட்டார். அதே மனிதருக்குக் கெர்னலின் கோப்புகள் கலைந்து கிடந்தால் மட்டும் சோறு இறங்காது.

இயங்குதளத்தின் நடுநாயகம் கெர்னல். அதற்கும் கணினியில் செருகிய கார்டுகளுக்கும் இடையே பேச்சுவார்த்தை நடத்தும் நிரல்கள்தான் டிரைவர்கள். நெட்வொர்க் கார்டுகளின் டிரைவர்கள் அத்தனையும் ஒரே கோப்புறையில், தைவானின் ஷின்சு ரயில் நிலைய வாசலில் நிற்கும் ஸ்கூட்டர்கள் போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. கார்டு தயாரித்த கம்பெனிக்கு ஓர் அறை என்று பிரித்து, ஒவ்வொன்றையும் அதனதன் அறையில் குடிவைக்க வேண்டும் என்பது ஷி-கையின் ஆசை. அவர் வேலை பார்க்கும் சிப் கம்பெனிக்கு இதில் அக்கறை இல்லை. ஒரு வருஷத்துச் சனிக்கிழமைகளை அவரே தாரை வார்த்தார்.

அந்த மாற்றத்தைக் கெர்னலில் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் பெங் யா-லான். கல்லூரியில் ஷி-கைக்கு மூத்தவர், ஆற்றுக்கு அக்கரையில் ஜூபெய்யில் வீடு, வாயைத் திறந்தால் மிளகாய்.

"ஓடிக்கிட்டிருக்கிறத எதுக்குப்பா நோண்டுற?" என்றார் போனில்.

"இடத்தைத்தான்க்கா மாத்துறேன். உள்ள ஒரு எழுத்தக்கூடத் தொடல."

"எல்லாப் பயலும் இதைத்தான் சொல்றான். சரி, அனுப்பு. ஒரு மெஷின் படுத்துச்சுன்னாலும் மொத்தத்தையும் தூக்கிப் போட்டுருவேன். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"ஒரு மெஷினுக்கும் தெரியாதுக்கா."

அனுப்பினார். எது வந்தாலும் யா-லான் முதலில் தன் சொந்த மெஷினில் ஏற்றிப் பார்ப்பார். கோளாறு என்றால் அடுத்த ஒரு மணி நேரத்தில் வசவு மெயில் வரும். அதுவும் தனியாக அல்ல, உலகத்து டெவலப்பர்கள் எல்லாரும் படிக்கும் பொதுப் பட்டியலுக்கு. அன்று ஒன்றும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஷி-கைக்குத் தலைகால் புரியவில்லை. மீட்பால் சூப் இரண்டு கிண்ணம் குடித்தார்.

"யாரும் திட்டலைன்னா இவ்ளோ சந்தோஷம்?" என்றார் மனைவி.

"எங்க ஆளுங்க பாராட்டுறதே அப்படித்தான்."

அதற்கு அடுத்த நாள் மதியம் ஆபீஸ் லிஃப்ட் திறந்தது. தலையில் ஹெல்மெட்டோடு, கணினிப் பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு யா-லான் வந்தார்.

"என்னக்கா, ஒரு மெயில் போட்டிருந்தா நானே வந்திருப்பேனே."

"எதுல போடுறது? நெட்டு செத்து ரெண்டு நாளாச்சு. வயர மாத்துனேன். மெஷின் மக்கர் பண்ணாம இருக்கணும்னு அது மேல வெச்சிருந்த பச்சைப் பை நொறுக்குத்தீனிக்குத் தேதி முடிஞ்சுபோச்சோன்னு அதையும் மாத்துனேன். அப்புறந்தான் உன் ஞாபகம் வந்துச்சு. வழக்கம்போல திட்டி மெயில் அடிச்சேன், அதுவும் வெளிய போகாம உள்ளயே கெடக்கு."

பழைய கெர்னலுக்குத் திரும்பியிருந்தால் ஒரு நிமிடத்தில் சரியாகியிருக்கும். யா-லான் அந்த ரகம் இல்லை. கெடுத்தவன் கண்ணால் பார்க்க வேண்டும்.

பார்த்தவுடன் ஷி-கைக்குப் புரிந்துவிட்டது. மெஷினில் ஏற்றுவதற்காகக் கெர்னலைக் கட்டும்போது அது ஒவ்வொரு புது அறையைப் பற்றியும், இது வேண்டுமா என்று கேட்கும். பதில் சொல்லாமல் என்டரைத் தட்டினால் எதை எடுத்துக்கொள்வது என்று அவர் எழுதவே இல்லை. எழுதாவிட்டால் அது 'வேண்டாம்' என்றே எடுத்துக்கொள்ளும். அறைகள் பூட்டிக்கொண்டன, டிரைவர்கள் உள்ளே.

"புதுசா கேள்வி கேட்டுச்சாக்கா?"

"கேட்டுச்சு, நெறய."

"படிச்சீங்களா?"

"எவன் படிப்பான்? என்டரை அழுத்திப் புடிச்சிக்கிட்டு டீ குடிச்சேன்."

பக்கத்து மேஜைக்காரர் களுக்கென்று சிரித்தார். நீங்கள் படித்திருந்தால் இந்த வம்பே இல்லை என்ற பதில் ஷி-கையின் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் பொய்யும் இல்லை. ஒரு வருஷத்துச் சனிக்கிழமைகள் கைநழுவிப் போகின்றனவே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனாலும் விழுங்கிவிட்டார்.

"தப்பு என்னோடதுதான்க்கா. எல்லாரும் அப்படித்தான் அழுத்துவாங்க. படிக்காம அழுத்துற கைக்குத்தான் நான் எழுதியிருக்கணும். தூக்கிப் போட்டுருங்க."

யா-லான் ஹெல்மெட்டைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ஏன் படிக்கலன்னு மட்டும் நீ கேட்டிருந்தா, சத்தியமா தூக்கிப் போட்டிருப்பேன். உக்காரு, அந்த வரிய எழுது."

ஒவ்வோர் அறைக்கும், யாரும் பதில் சொல்லாவிட்டால் 'வேண்டும்' என்று ஒரு வரி எழுதினார் ஷி-கை. மறுபடி கட்டும்போது, யா-லான் என்டரை அழுத்திப் பிடித்தபடி, பக்கத்தில் எந்தக் கடையில் நூடுல்ஸ் நன்றாக இருக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். கேள்விகளை இம்முறையும் படிக்கவில்லை. மெஷின் எழுந்தது. நெட்வொர்க் விளக்கு மினுமினுத்தது.

வழி திறந்ததும் உள்ளே கிடந்த மெயில் ஒரே ஓட்டமாக வெளியே போனது. ஷி-கையின் வேலை மொத்தத்தையும் நிராகரிக்கிறேன், இவர் இனி டிரைவர்கள் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

இருவரும் திரையைப் பார்த்து விழித்தார்கள். யா-லான் நாற்காலியை இழுத்துப் போட்டு, அதே மெயிலுக்கு அடியில் தட்டினார்: "மேலே உள்ளதை விட்டுவிடுங்கள். கேள்வியைப் படிக்காமல் அழுத்தியவள் நான். ஷி-கையின் வேலை முழுவதையும் சேர்த்துவிட்டேன்."

இத்தனை வருஷத்தில் யா-லான் தன் தவறு என்று எழுதி அந்தப் பட்டியலில் யாரும் பார்த்ததில்லை. ஷி-கைக்குக் கண் கலங்கிவிட்டது.