ஊருக்கே தெரிந்த என் பிரஷர்

பென்ஷனோடு வரும் காப்பீடு பெரிய ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போதாது. அதனால் டாப்-அப் பாலிசி ஒன்று எடுக்கலாம் என்று, போடியில் ஏஜெண்டாக இருக்கும் நாத்தனார் மகனை இன்று வரச் சொன்னேன்.

இரண்டு திட்டங்களை நீட்டினான். கண்ணாடியைப் போட்டு வரிவரியாக ஒப்பிட்டேன். எல்லாம் ஒன்றுதான், ஒன்றுக்கு மட்டும் பிரீமியம் ரொம்பக் குறைவு.

"இது எப்படிடா?"

"அதுல உங்களுக்குப் பிரஷர் இல்லைன்னு போட்டிருக்கேன் அத்தை."

"நாளைக்கு நான் ஆஸ்பத்திரியில் படுத்து, கம்பெனியில் பணம் தரமாட்டோம் என்றால்?"

"நீங்க சொன்னாத்தானே அவுகளுக்குத் தெரியும்?"

போன மாதம் கம்பத்தில் இவன் மகள் கல்யாணம். பந்தியில் நான் உட்கார்ந்ததும், "அத்தைக்குப் பிரஷர், உப்பில்லாத ரசம் கொண்டு வாங்க" என்று மைக்கில் சொன்னவன் இவன்தான். அதை நினைவுபடுத்தினேன்.

பிரஷர் உண்டா என்ற கேள்விக்கு 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் அடித்தான். பிரீமியம் ஏறியது. கையெழுத்துப் போட்டேன்.

"நல்லவேளை அத்தை, கோவம் வருமான்னு கேக்க இதுல கட்டம் இல்லை."

உங்கள் ஏஜெண்ட் எதை மறைக்கச் சொன்னார்? கூச்சப்படாமல் எழுதுங்கள். என்னுடையது மைக்கிலேயே வந்துவிட்டது.