மச்சான் இறக்கிய சுருதி

எங்கள் குழுவில் வாத்தியம் என்று ஒன்றும் கிடையாது. டிரம்ஸ் மச்சானின் வாயிலிருந்து வரும், பேஸ் கிட்டார் என் அடித்தொண்டையிலிருந்து. நடுக்குரலுக்குப் பக்கத்துத் தெரு டீச்சர், உச்சக்குரலுக்கு மச்சானின் தங்கை, அதாவது என் மனைவி. நால்வரும் லிங்கராஜபுரத்தில் ஒரே சர்ச் கொயரில் வளர்ந்தவர்கள். ஞாயிறு காலை கீர்த்தனை, சனி மாலை பழைய ராக் பாட்டு. பாஸ்டர் பெரிய மனது பண்ணிக் கண்டுகொள்வதில்லை.

போன வருடம் என் மனைவிக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. பேச்சு திரும்பிவிட்டது, மேல்ஸ்தாயி திரும்புமா என்று டாக்டரே சொல்லவில்லை. அதன்பின் வீட்டில் அவள் ஒரு வரிகூடப் பாடவில்லை. ஒத்திகையிலும் கடைசிச் சரணத்தின் உச்சம் வந்தால் நிறுத்திவிடுவாள்.

"ஸ்டேஜ்ல பாத்துக்கறேன், விடுங்க" என்பாள்.

அந்தக் குரல் நிஜமாகவே போயிருந்தால் அவளை எப்படித் தேற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கச்சேரி ஆஸ்டின் டவுனில் ஒரு ஹாலில். முன்வரிசை முழுக்க நரைத்த தலைகளும் கறுப்பு டி-ஷர்ட்டுகளும். பிட்ச் பைப்பை ஊதி முதல் ஸ்வரம் கொடுப்பது மச்சானின் வேலை. ஊதினார். முதல் வரியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. தங்கைக்காக மனிதர் சொல்லாமல் கொள்ளாமல் சுருதியை இறக்கிவிட்டார். அவருடைய பாசம் என் தலையில் விடிந்தது. என் கீழ் ஸ்வரங்கள் வெறும் காற்றாக வந்தன.

அவளுக்கு மட்டும் தெரியாமல் போகுமா? அண்ணனை ஒரு முறை முறைத்தாள். கொயரில் சுருதி இறங்கினால் கட்டைவிரலை மேலே காட்டுவோம், ஏற்று என்று அர்த்தம். கடைசிச் சரணத்துக்கு முன் அவள் கட்டைவிரல் உயர்ந்தது. முன்வரிசைப் பெரியவர்கள் தங்களுக்குத்தான் என்று நினைத்துப் பதிலுக்குக் கட்டைவிரல் காட்டினார்கள். நாங்கள் மூவரும் விழுந்தடித்துக்கொண்டு பழைய சுருதிக்கு ஏறினோம்.

உச்சம் வந்தது. அவள் குரல் ஏறி, பாதியில் உடைந்து, கரகரத்தது. கொயரில் அது பெரிய குற்றம். அவள் நிறுத்தவில்லை. கரகரப்போடே அந்த ஸ்வரத்தைப் பிடித்து, மூச்சு தீரும்வரை விடாமல் நின்றாள். ஹாலே எழுந்துவிட்டது.

"ஒன்ஸ் மோர், மேடம்!"

மேடைக்குப் பின்னால் மச்சான் வசமாக மாட்டிக்கொண்டார்.

"யாரக் கேட்டுண்ணா பிட்ச்ச எறக்கின?"

"உனக்குக் கஷ்டமாயிடுமேன்னுதான்மா..."

"கஷ்டமா இருந்தா நானே சொல்றேன். நீ சும்னே ஊது, போதும்." கோபம் வந்தால் அவள் பேச்சில் கன்னடம் கலந்துவிடும்.

அவரை விட்டுவிட்டு என்னிடம் வந்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"பழைய வாய்ஸ் வரலல்ல?"

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "வரல" என்றேன். தலையாட்டினாள், பிறகு அழுதாள். வெளியே இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அவள் தோளை அணைத்துக்கொண்டு நின்றேன். எனக்கும் அழுகை வந்தது.

திங்கட்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அடுக்களையில் பாட்டுச் சத்தம். பிரஷும் கையுமாகக் கதவோரம் போய் நின்றேன். அதே சரணம். அதே இடத்தில் குரல் உடைந்தது. "ச்சே" என்றாள். அடுப்பைக் குறைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பாடினாள். தெருமுனையில் பீன்யாவுக்குப் போகும் என் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பியது. நான் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.