எண்பத்தைந்து கட்டைகளும் ஒரு நெருப்புக்குச்சியும்

சூறாவளிக்கு அடுத்த வருஷம், நான் கலியாணம் முடித்துத் தொண்ணூற்றாறாவது நாள், பின்னேரம் நாலே காலுக்கு, உழவு மெஷின் இழுத்துவந்த பெட்டியில் வைக்கோலுக்கு நடுவே ஒரு பியானோ எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தது. இறக்குவதற்கு ஒன்பது பேர் வேண்டியிருந்தது. பத்தாவதாக நான் நின்றேன். ஒரு பக்கம் சரிந்தால் யாருடைய கால் முதலில் நசுங்கும் என்று கணித்துக்கொண்டு நின்றேனே தவிர, கை வைக்கவில்லை.

எங்கள் கிழக்குக் கரைப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். மகளுக்கென்று வீட்டைக் கட்டி, அவள் பேரில் எழுதிக் கொடுப்பார்கள். நானும் அப்படித்தான் நிந்தவூரிலிருந்து இரண்டு பெட்டி, ஒரு சைக்கிள், நாற்பத்தொரு புத்தகங்களுடன் கல்முனைக்கு வந்தேன். வீட்டில் மாமா, மாமி, கூடவே எந்நேரமும் வருகிற போகிற சொந்தக்காரர். அந்தத் தொண்ணூற்றாறு நாளில் பகல் வெளிச்சத்தில் நானும் மனைவியும் தனியாகக் கதைத்தது பதினொரு தடவை. அதில் நாலு தடவை என் குடையைப் பற்றியது.

பியானோ வந்த கதை இது. மாமாவுக்கு நாவிதன்வெளியில் வயலும் ஊருக்குள் ஒரு நெல் ஆலையும் இருந்தன. மட்டக்களப்பில், ஐரோப்பிய வழிவந்த ஒரு பறங்கி வீட்டில் நல்ல தேக்கு அலுமாரி விற்பனைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனார். வீட்டுக்காரப் பெண்மணி விதவை. அவுஸ்திரேலியாவில் இருக்கிற மகனிடம் ஒரேயடியாகப் போகிறவர். சூறாவளியில் அவர் வீட்டுக் கூரை பாதி பறந்து, பியானோ இரண்டு நாள் மழையில் நனைந்திருக்கிறது. வந்த வியாபாரிகள் எல்லாரும் அதை உடைத்து, இரும்பை வேறாகவும் பலகையை வேறாகவும் எடுக்கவே கேட்டார்களாம். அதனால் அலுமாரி வேண்டுமென்றால் பியானோவையும் கொண்டுபோக வேண்டும், அதற்கு விலை இல்லை, ஒரு நிபந்தனை மட்டும் என்று சொல்லியிருக்கிறார். இரண்டு கிழமை கழித்து ஞாயிற்றுக்கிழமை, கொழும்புக்குப் போவதற்கு முதல் நாள், அவர் கல்முனைக்கு வருவார். வந்து கடைசித் தடவையாக அதை வாசிப்பார். அதற்குள் அது வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

மாமா யோசிக்கவே இல்லை. "நம்மட மருமகன் பௌதிக மாஸ்டர். சத்தம்தான் அவர்ர பாடம்," என்றாராம்.

உண்மைதான். உயர்தர வகுப்புக்கு ஒலி படிப்பித்தவன் நான். சுரமானி என்று ஒரு நீளப் பெட்டியில் ஒற்றைக் கம்பியை இழுத்துக் கட்டி, கம்பியின் நீளம், இழுவை, பாரம் மூன்றும் தெரிந்தால் அது செக்கனுக்கு எத்தனை தரம் அதிரும் என்று கணக்குப் போட்டுக் காட்டியவன். வாழ்நாளில் ஒரு பியானோவைத் தொட்டதில்லை. ஆனால் அன்று அதன் முன்பலகையைக் கழற்றியதும் எனக்குத் தலை கிறுகிறுத்தது. உள்ளே இருநூற்றுப் பதினேழு சுரமானி!

எண்ணினேன். விரலால் அமர்த்துகிற கட்டைகள் எண்பத்தைந்து. அடித்தொண்டையில் உறுமுகிற பத்துக் கட்டைகளுக்குத் தலா ஒரு தடித்த கம்பி. அடுத்த பதினெட்டுக்கு இரண்டிரண்டு. மிச்சம் ஐம்பத்தேழுக்கு மும்மூன்று. கூட்டிப் பாருங்கள், இருநூற்றுப் பதினேழு வரும். ஒரு கம்பியில் ஏறக்குறைய ஒரு நெல் மூட்டையின் பாரம் அளவுக்கு இழுவை இருக்கும் என்று கணித்தேன். அப்படியென்றால் எங்கள் முன் மண்டபத்தில், சுவரோடு சாய்ந்து நிற்கிற அந்தப் பெட்டிக்குள், இருநூற்றுப் பதினேழு நெல் மூட்டைகள் ஒரு இரும்புச் சட்டத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கின்றன. இரவும் பகலும், ஒரு சத்தமும் போடாமல்.

இதை நான் இரவுச் சாப்பாட்டில் சொல்லியிருக்கக் கூடாது. அடுத்த நாள் முதல் மாமி முன் மண்டபத்தைக் கடக்கும்போது எதிர்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடந்தார். தொழுகைப் பாயைப் பின்னறைக்கு மாற்றினார். சுஜூதில் நெற்றி நிலத்தில் இருக்கும்போது அது வெடித்தால் என்ன செய்வது என்று மாமாவிடம் கேட்டிருக்கிறார். தொழுகிற வீட்டில் இசைப்பெட்டி வைப்பது சரியா என்று கேட்ட அயலவருக்கு மாமா ஆயத்தமாக ஒரு பதில் வைத்திருந்தார். சத்தம் வராத வரைக்கும் அது இன்னொரு அலுமாரிதானாம். அதிலிருந்து சத்தம் வரவைப்பதே என் வேலை, இந்தப் பதிலால் என் நிலைமை எவ்வளவு இக்கட்டானது என்று அவர் யோசிக்கவில்லை.

பதின்மூன்று நாள். பள்ளிக்கூட லீவு என்பதால் முழுநாளும் கிடைத்தது. முதல் நாலு நாளும் துப்புரவும் உலர்த்தலும். உள்ளே இரண்டு எலிக்கூடு, ஏழு பென்சில், ஒரு செபமாலை, கடல் காற்றின் உப்பு. நனைந்து ஊதிப்போய் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருந்த கட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, பின்பக்கம் இலக்கம் போட்டு, நிழலில் காயவைத்து, உரசுகிற இடங்களை மட்டும் அரத்தாள் போட்டுத் தேய்த்தேன். இலக்கம் போட்டது மனைவி. எனக்கு ஒவ்வொரு இலக்கத்தையும் மூன்று தரம் சரிபார்க்கிற பழக்கம். அவள் ஒரு தரம் எழுதினால் சரியாகவே இருக்கும். இதை ஏற்றுக்கொள்ள எனக்கு முப்பத்திரண்டாவது கட்டை வரை சென்றது.

அடுத்த ஐந்து நாளும் சுருதி. அந்தப் பெண்மணி கம்பி இறுக்குகிற தன் கணவருடைய திருகுசாவியைப் பழைய காலுறை ஒன்றில் சுற்றி அனுப்பியிருந்தார். தட்டினால் தலா ஒரே சுரத்தில் அதிர்கிற ஆய்வுகூடத்து இசைக்கவைகள் எட்டும் கையில் இருந்தன. நான் சுரமானி வழியில்தான் போனேன். கம்பியில் ஒரு துண்டுக் கடதாசியை மடித்து ஏற்றிவைப்பது, அதிரும் கவையைப் பலகையில் ஊன்றுவது, இரண்டும் ஒத்துப்போகிற அந்தக் கணத்தில் கடதாசி துள்ளி விழும். கவை இல்லாத சுரங்களுக்குத் தெரிந்த கம்பியையும் தெரியாத கம்பியையும் நகத்தால் ஒன்றாகச் சுண்டினால், வித்தியாசம் இருக்கிற அளவுக்கு ஒலி ஏறி இறங்கி அலைபாயும். அந்த அலையை எண்ணி எண்ணி, செக்கனுக்கு நாலு, இரண்டு, ஒன்று என்று இறக்கி, இல்லாமல் ஆக்க வேண்டும். எண்ணுவதற்கென்றே பிறந்தவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கடதாசி துள்ளுகிற ஒவ்வொரு தடவையும் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆறாவது நாளோடு நான் எங்கள் உரையாடல்களை எண்ணுவதை விட்டுவிட்டேன்.

கவனியுங்கள், இந்த ஒன்பது நாளும் நான் கம்பியைச் சுண்டினேனே ஒழியக் கட்டையை அடிக்கவில்லை. பயம். இருநூற்றுப் பதினேழு மூட்டை.

பத்தாம் நாள்தான் கட்டையில் கை வைத்தேன். முதலாம் கட்டையை, உறங்குகிற குழந்தையைத் தொடுவது போல, மெல்ல மெல்ல அமர்த்தினேன். உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தேன். கம்பளி சுற்றிய குட்டிச் சுத்தியல் கம்பியை நோக்கிப் போனது, போனது, இதோ தொடப்போகிறது என்கிற நேரத்தில், ஒரு நெருப்புக்குச்சிப் பருமன் இடைவெளியில், சட்டென்று பின்வாங்கி விழுந்தது. சத்தமே இல்லை.

இரண்டாம் கட்டையும் அப்படியே. மூன்றாம் கட்டையும். எண்பத்தைந்தும் ஒரே நோய். எண்பத்தைந்துக்கும் ஒரே அளவில் வருகிற நோய் நோயாக இருக்காது என்று என் மாணவன் ஒருவன் எழுதியிருந்தால் முழுப் புள்ளி கொடுத்திருப்பேன். எனக்கு அது தோன்றவில்லை.

மனைவி மட்டும் சொன்னாள். செவ்வாய்க்கிழமை சீலைத் துண்டால் கட்டைகளைத் துடைத்தபோது அது கத்தியதாம், மாமி பின்னறையிலிருந்து ஓடி வந்தாராம். துடைப்பது வேறு, வாசிப்பது வேறு என்று நான் விளக்கினேன்.

ஒவ்வொரு சுத்தியலுக்கும் கீழே ஒரு சிறிய மரத்துண்டு இருக்கிறது. கட்டையை அமர்த்தினால் அதுதான் சுத்தியலை மேலே தள்ளுகிறது. தள்ளிக்கொண்டு போகிற வழியில் அந்த மரத்துண்டை விலக்கிவிடுவதற்கென்று ஒரு குட்டித் திருகு. குற்றவாளி அந்தத் திருகுதான் என்று கண்டுபிடித்தேன். எண்பத்தைந்தையும் திருகினேன். இரண்டரை நாள். ஒவ்வொரு சுத்தியலும் போய்க் கம்பியைத் தொட்டு நிற்கும்வரை திருகினேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, எல்லாரையும் மண்டபத்துக்கு அழைத்தேன். மாமி கதவு மறைவில் நின்றார். முதன்முதலாகத் துணிந்து, ஓங்கி ஒரு கட்டையை அடித்தேன்.

டொக்.

மணலில் தேங்காய் விழுந்த சத்தம். அடுத்ததை அடித்தேன். டொக். பத்து விரலாலும் அடித்தேன், பத்துத் தேங்காய். மாமா என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். "அலுமாரி எண்டே சொல்லுவம்," என்றார். ஞாயிறு காலை பத்து மணிக்கு அந்த மனுசி வரப்போகிறார். கைவசம் இருந்தது நாற்பத்து நாலு மணித்தியாலம்.

நான் பின்வாசலில் போய்க் குந்தினேன். மனைவி ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு உரலில் அரிசி மா இடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் என் கணக்கை எல்லாம் சொல்லிப் புலம்பினேன். சுத்தியல் போய்ச் சேராமல் இருந்தது, இப்போது சரியாகப் போய்ச் சேர்கிறது, நான் அழுத்திப் பிடித்திருக்கும்வரை கம்பியிலேயே நிற்கிறது, பிறகு ஏன் சத்தம் இல்லை? அவள் இடிப்பதை நிறுத்தாமலே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு உலக்கையை என் கையில் தந்து, இடித்துப் பாருங்கள் என்றாள்.

இடித்தேன். இரண்டாம் இடியிலேயே முழங்கை வரை விண்ணென்று வலித்தது.

"உலக்கைய இறுக்கிப் புடிச்சிக்கிட்டே குத்துறீங்க," என்றாள். "தூக்கி எறியணும். உரல்ல விழக்குள்ள கையில இரிக்கப்படாது. மறுகா அது துள்ளி வரும், அப்பதான் புடிக்கணும். அந்தச் சுத்தியலையும் நீங்க விடாமப் புடிச்சிக்கிட்டிரிக்கிங்க."

நான் உலக்கையோடு அப்படியே நின்றேன். மா தலையில் பறந்தது. சுத்தியலைக் கம்பிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது விரலின் வேலை இல்லை. விரல் அதை எறிகிறது. கடைசி நெருப்புக்குச்சித் தூரத்தை அது யாருடைய உதவியும் இல்லாமல், தன் வேகத்திலேயே பறந்து கடக்க வேண்டும். அடித்த மறுகணம் விலகிவிட வேண்டும். விலகினால்தானே கம்பி அதிரும்? தொட்டுக்கொண்டே இருந்தால், நான் சுரமானிக் கம்பியில் விரலை வைத்து ஒலியை நிறுத்துவேனே, அதே வேலையைத்தான் சுத்தியல் செய்யும். மெல்ல அமர்த்தினால் வேகம் இல்லை, அதனால் தொடாமல் திரும்பி விழும். அது நோய் இல்லை, அதுதான் அதன் ஆரோக்கியம். என்னைப்போல் ஒரு பயந்தாங்கொள்ளி தடவிப் பார்த்தால் வாய் திறக்காது. சீலைத் துண்டால் ஒருத்தி வீசித் துடைத்தால் கத்தும்.

சனிக்கிழமை விடியச் சுபஹுத் தொழுத கையோடு தொடங்கினோம். இடைவெளிக்கு அளவாக ஒரு நெருப்புக்குச்சி. அவள் குச்சியைக் கம்பிக்கும் சுத்தியலுக்கும் நடுவே நீட்டுவாள், நான் திருகுவேன், சுத்தியல் குச்சியின் ஓரத்துக்கு வந்து விலகி விழுந்தால் அடுத்தது. டோர்ச்சை நான் வாயில் கவ்வியிருந்ததால் கேட்பதற்கெல்லாம் "ம்" மட்டும்தான். அவளோ வாய் மூடவில்லை. என் குடை, என் மூன்று தரச் சரிபார்ப்பு, கலியாண நாளில் நான் பந்திக்கு எத்தனை சகன் சாப்பாட்டுத் தட்டு என்று எண்ணியதை அவள் யன்னலால் பார்த்தது, எல்லாம் வந்தது. எனக்குச் சிரிப்பு முட்டி டோர்ச் மூன்று தடவை பியானோவுக்குள் விழுந்தது. பொழுதுபட மஃரிப் பாங்கு சொன்னபோது இரண்டு கட்டை மிச்சம் இருந்தது. தொழுதுவிட்டு வந்து அந்த இரண்டையும் முடித்தோம்.

ஞாயிறு பத்தே காலுக்கு வேன் வந்தது. ஒல்லியான மனுசி, பூப்போட்ட சட்டை, கையில் குடை. எவருடனும் கதைக்காமல் பியானோவுக்கு முன் அமர்ந்தார். முன்பலகையைத் திறக்கச் சொல்லி, உள்ளே பார்த்தபடி, முதலாம் கட்டையை மெல்ல மெல்ல அமர்த்தினார். சத்தம் இல்லை. இரண்டாம் கட்டை. சத்தம் இல்லை. அப்படியே ஒவ்வொன்றாக, மேலே மேலே. மாமா கைலேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார். கதவு மறைவிலிருந்து மாமி, "ஒண்டும் கேக்கல்லியே மகள்," என்று மனைவியிடம் கிசுகிசுத்தது எல்லாருக்கும் கேட்டது.

எண்பத்தைந்தும் முடிந்தபிறகு அந்த மனுசி திரும்பினார்.

"எட்டு வருஷமா எனக்கு இது இப்பிடி இருந்ததில்ல. மாஸ்டர், ஆரு இந்த இடைவெளிய வச்சது?"

நான் திருகினேன் என்பது உண்மை. மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு என்னைப் பார்த்ததும் உண்மை. "மனைவிதான்," என்றேன். கதவு மறைவில் யாரோ யாரையோ கிள்ளிய சத்தம்.

பிறகு அவர் வாசித்தார். என்ன வாசித்தார் என்று எனக்குத் தெரியாது. முதலில் மாதா கோயில் பாட்டு மாதிரி மெல்லியதாக ஒன்று. பிறகு மட்டக்களப்புப் பறங்கியர் கலியாண வீடுகளில் ஆடுகிற ஆட்டத்துக்கான துள்ளல். கட்டைகளை அவர் தொடவே இல்லை போலிருந்தது, எறிந்துகொண்டிருந்தார். இருநூற்றுப் பதினேழு மூட்டையும் ஒரேயடியாக அவிழ்ந்து கொட்டியது. மண்டபத்து யன்னல் கம்பிகள் கூட அதிர்ந்தன. கேற்றில் மீன் சைக்கிள்காரர் உட்பட இருபத்திரண்டு பேர். மாமியின் தலை கதவுக்கு இந்தப் பக்கம் முழுதாக வந்துவிட்டிருந்தது. வேன் சாரதி இரண்டு தரம் ஹோன் அடித்தார். மூன்றாம் தரம் அடிக்கப் போனபோது மாமாவே போய் அவருக்கு ஒரு தட்டில் வட்டிலப்பம் கொடுத்து உட்காரவைத்தார்.

கடைசியில் அவர் எழுந்தார். கண்ணைத் துடைக்கவில்லை, மூக்கை மட்டும் சிந்தினார். வீடு யாருடைய பேரில் என்று கேட்டார். மகள் பேரில் என்று மாமா சொன்னதும், கதவு மறைவுக்கே போய் என் மனைவியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து பியானோவுக்கு முன் இருத்தினார். "நான் வேன்ல ஏறிப் போய் முடியுமட்டும் அடிச்சிக்கொண்டிரும், பிள்ளை. எது எண்டாலும் பரவாயில்ல. இது கேக்கக் கேக்கப் போகோணும்."

அவள் அடித்தாள். இரண்டு கையாலும், எட்டிய இடமெல்லாம், மா இடிக்கிற அதே வேகத்தில், ஒரு சுரமும் இன்னொரு சுரத்துக்கு உறவில்லாமல். நான் கேற்றுக்கு ஓடினேன். வேன் மெதுவாக நகர்ந்தது. பின் கண்ணாடியில் அந்த மனுசி கையால் தாளம் போடுவது தெரிந்தது. சந்தியில் திரும்பியது. போய்விட்டது.

திரும்பி ஓடி வந்தேன். மூச்சு வாங்கியது. அவள் முந்தானை தோளில் கிடந்தது, முகமெல்லாம் வியர்வை, சிரிப்பு.

"போயிட்டாவா?" என்று அடிப்பதை நிறுத்தாமலே கேட்டாள்.

"இல்ல," என்றேன். "இன்னும் நிக்கிறா. அடி."