அடிக்குறிப்பில் ஒரு பெயர்

மரக்காணம் கடைத்தெருவின் முனையில், அரிசிக் கடைக்கு மேலிருந்த சிறிய அறையில் ராசம்மாளின் தட்டச்சுப் பொறி இருந்தது. உப்புக் காற்று இரும்பைத் தின்னும் ஊர் அது. காலைதோறும் எழுத்துகளை எண்ணெய்த் துணியால் துடைத்த பிறகே அவள் முதல் தாளைச் செருகுவாள். திருமணத்துக்கு முன்பு திண்டிவனத்தில் தமிழ்த் தட்டச்சு பயின்று தேறியவள். கணவர் காசிலிங்கம் உப்பளத்தில் உப்பு வாரும் தொழிலாளி. பட்டா மாறுதலுக்கும் ரேஷன் கார்டுக்கும் மனு அடித்துக் கொடுப்பதே அவளுடைய பிழைப்பு. மனு ஒரே தாளில் அடங்கிவிட வேண்டும் என்பது வருபவர்களின் கண்டிப்பு. ஆகவே தாளின் விளிம்புவரை அடிப்பது அவள் கைக்குப் பழகிப்போயிருந்தது.

எழுபத்தைந்தாம் ஆண்டு மாசி மாதத்தில் சரஸ்வதி என்பவர் ஒரு துணிப்பை நிறையக் கையெழுத்துத் தாள்களோடு படியேறி வந்தார். சென்னையில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். உப்பளத் தொழிலாளர்களின் காற்றறிவையும் நீரறிவையும் அவர்களிடமே கேட்டுத் தொகுத்து ஆய்வேடு எழுதியிருந்தார். பங்குனி முடிவதற்குள் அதைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்தாக வேண்டும். தவறினால் ஓராண்டு காத்திருக்க நேரும்.

முதல் பக்கத்தை அடித்து நீட்டியபோதே சரஸ்வதி இடப்புறத்தில் விரலை வைத்தார்.

“இங்கதான் ராசம்மா நூல் போட்டுத் தைப்பாங்க. இந்த எழுத்தெல்லாம் உள்ள போயி மாட்டிக்கும். ஒன்றரை அங்குலம் விடணும்.”

“அவ்ளோவா? தாளு வீணாப் போவுதே டீச்சர்!”

“உங்க ஊர்ல வரப்பு வீண்னு சொல்லி வரப்பே இல்லாம பாத்தி கட்டுவாங்களா?”

ராசம்மாள் சிரித்துவிட்டு வேறொரு தாளைச் செருகினாள். அதன் பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டாள். அட்டவணையின் தலைப்பு அட்டவணைக்கு மேலே வர வேண்டும். படத்தின் தலைப்புப் படத்துக்குக் கீழே. ஓரிடத்தில் ‘இயல்’ என்று எழுதினால் மற்றோரிடத்தில் ‘அத்தியாயம்’ என்று எழுதலாகாது. இவையெல்லாம் அவளுக்குப் பிடித்திருந்தன. ஆனால் அவளை வாயடைக்கச் செய்தது அடிக்குறிப்புதான். பக்கத்தின் அடியில் ஒரு கோடு; கோட்டுக்குக் கீழே, மேலே சொன்னதை யார் சொன்னார், எங்கே சொன்னார், எந்த நாளில் சொன்னார் என்னும் விவரம். எத்தனையோ மனுக்களை அடித்தவள் அவள். ஊரான் நிலத்தைத் தன் நிலம் என்று கூசாமல் எழுதச் சொன்னவர்களைக் கண்டவள். அடுத்தவருடைய ஒரு சொல்லைக்கூடத் தனதென்று கொள்ள அஞ்சும் எழுத்து உலகத்தில் இருக்கிறது என்பதை அன்றுதான் கண்டாள். கோயிலுக்குள் வந்துவிட்டவள்போல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடித்தாள்.

மூன்றாம் இயலில் ஓர் அடிக்குறிப்பு வந்தது: ‘காசிலிங்கம், உப்பளத் தொழிலாளி, மரக்காணம், நேர்காணல்.’ விரல்கள் நின்றுவிட்டன.

“என்ன ராசம்மா, கையெழுத்துப் புரியலையா?”

“புரியுதுங்க. அவங்க பேரு வந்துருக்குது.”

“எவங்க பேரு?”

ராசம்மாள் ஜன்னல் வழியாக உப்பளம் இருந்த திசையைக் காட்டினாள். சரஸ்வதிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“வாயாலதானே சொல்லக் கூடாது? விரலுக்குமா?”

“விரலும் என்னுதுதானேங்க.”

கணவன் பெயரைச் சொன்னால் அவனுக்கு ஆயுள் குறையும் என்று கேட்டு வளர்ந்தவள். சென்ற ஐப்பசியில்தான் அவர் காமாலையில் விழுந்து, பிழைப்பாரோ மாட்டாரோ என்று கிடந்து எழுந்திருந்தார். முதல் குறிப்பில் மட்டும், கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் பெயரை அடித்தாள். அடுத்தடுத்த குறிப்புகளும் அவருடையவையே. சரஸ்வதி எல்லாவற்றிலும் பெயரை முழுமையாக எழுதியிருந்தார். ராசம்மாள் கேட்டாள்:

“இதுக்கெல்லாம் ‘மேற்படி’ன்னு போட்டுடட்டுமா டீச்சர்? வேற இடத்துல அப்படித்தான் போட்டுருக்கீங்க.”

“ஒருத்தரே தொடர்ந்து வந்தா போடலாம். போடு.”

ராசம்மாளுக்கு உயிர் வந்தது. அந்த இயல் முழுவதும் கணவர் ‘மேற்படி’ ஆனார். அடித்தவற்றை ஒப்புநோக்கும்போது ராசம்மாள் தட்டச்சுப் படியை உரக்கப் படிப்பாள். அம்புக்குறிகளும் செருகல்களும் நிறைந்த கையெழுத்துப் படியைச் சரஸ்வதி பார்த்துவருவார், அவருக்குத்தான் அது தடங்கலின்றி விளங்கும் என்பதால். முதல் குறிப்பிலிருந்த பெயரை மட்டும் படிக்காமல் விரலால் சுட்டிக் காட்டிவிட்டாள். ‘மேற்படி’யைப் படிப்பதில் நாவுக்கு ஓர் இடையூறும் இல்லை.

புதுச்சேரியில் ஆய்வேட்டைத் தைத்துக் கட்டக் கொடுக்க வேண்டிய நாளன்று காலையில், சரஸ்வதி பக்கங்களைக் கடைசி முறையாகப் புரட்டினார். மூன்றாம் இயலில் அவர் கை நின்றது.

“ராசம்மா, போன வாரம் ஒரு பழைய அறிக்கையைச் சேத்துக்கச் சொன்னேனே, அது எங்க சேந்துருக்கு பாத்தியா?”

வெள்ளைக்காரர் காலத்து உப்பு அறிக்கை ஒன்றை முதல் குறிப்புக்கும் இரண்டாம் குறிப்புக்கும் நடுவே செருகச் சொல்லியிருந்தார் அவர். ராசம்மாளும் செருகியிருந்தாள். அதற்குக் கீழிருந்த ‘மேற்படி’கள் அத்தனையும் இப்போது அந்த அறிக்கையைச் சுட்டின. காசிலிங்கம் முப்பது கோடையில் கண்டறிந்தவை யாவும், உப்பில் கால் வைத்தறியாத ஓர் அதிகாரியின் சொல்லாகிவிட்டன.

“நடுவுல நுழைச்சது நான்தான்,” என்றார் சரஸ்வதி.

“நீங்க பேரு எழுதிதான் குடுத்தீங்க டீச்சர். நான்தான் அதை ஒளிச்சேன்.”

மாலைப் பேருந்துக்கு முன்பு அந்தப் பக்கங்களைப் புதிதாக அடித்தாக வேண்டும். அடித்தவற்றை உரக்கப் படித்தும் பார்த்தாக வேண்டும். ராசம்மாள் தாள்களுக்கிடையே கார்பனை வைத்துச் செருகினாள். இம்முறை கண்ணை மூடவில்லை. காசிலிங்கம், காசிலிங்கம், காசிலிங்கம் என்று பொறி அடித்துக்கொண்டே போயிற்று. பிறகு தாளைக் கையிலெடுத்தாள். பெயரைச் சொன்னால் அவர் ஆயுள் என்னாகும்? சொல்லாவிட்டால், பிழை தங்கியிருந்தால், அவர் சொன்னது யாருடையதாகும்?

“மேல்காற்று விசையாக வீசினால் உப்பு சிறுத்துத் துகளாக விழும், காற்று அடங்கி நீர் அசையாதிருந்தால் கல் பருத்து வரும்,” என்று படித்தாள். கோட்டுக்குக் கீழே வந்தாள். “காசி…” நின்றாள். மூச்சை இழுத்துக்கொண்டாள். “காசிலிங்கம். காற்புள்ளி. உப்பளத் தொழிலாளி. காற்புள்ளி. மரக்காணம்.”

படியில் காலடி கேட்டது. தூக்குச் சட்டியைத் தேடிக்கொண்டு பகல் சாப்பாட்டுக்கு வந்த காசிலிங்கம், முழங்கால்வரை வெள்ளை பூத்த கால்களோடு வாசலில் நின்றார்.

“யாரு என் பேரச் சொல்லிக் கூப்புட்டது? டீச்சரம்மாவா?”

“இல்லைங்க, உங்க வீட்டுக்காரம்மாதான்!”

காசிலிங்கம் மனைவியைப் பார்த்தார். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

“அடியம்மா! கண்ணாலம் கட்டி இத்தினி வருசத்துல இன்னிக்குத்தான் பேரு ஞாபகம் வந்துச்சா?”

“சிரிக்காதீங்க. தப்பில்லாம படிக்கணும்னுதான்... உங்களுக்கு ஒண்ணும் ஆவாதே?”

“காமாலையே கொண்டுபோவல, நீ கூப்புட்டா போயிடப் போறேன்? படி, படி. என்னா எழுதியிருக்குதுன்னு நானும் கேக்குறேன்.”

ராசம்மாள் படித்தாள். பாத்தி நீர் செம்மை ஏறுவதைப் பற்றி, கீழ்க்காற்றின் ஈரம் உப்பைப் பிடித்துவைப்பதைப் பற்றி. ஒவ்வொன்றின் அடியிலும் அவர் பெயரைத் தெளிவாக, காற்புள்ளி தவறாமல் சொன்னாள். முதலில் புன்னகையோடு கேட்டவர், சிறிது நேரத்தில் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“இதெல்லாம் நான் சொன்னதுதானே?” என்று மெதுவாகக் கேட்டார். “சும்மா வேலை செய்றப்ப சொன்னேன். இப்படி நிக்குமா அது?”

“நிக்குங்க,” என்றார் சரஸ்வதி.

சாப்பிட மறந்த காசிலிங்கம், பக்கங்களை ராசம்மாள் எண்ணெய்த் தாளில் சுற்றித் தந்ததும், பேருந்து நிறுத்தம்வரை தாமே கொண்டுவந்தார். எத்தனையோ உப்புக் கூடைகளைத் தலையில் சுமந்து ஓடியவர், அந்தச் சிறிய தாள்கட்டை இரு கைகளிலும் ஏந்தி, பாத்தி வரப்பில் நடப்பவர்போல் அடி பார்த்து நடந்தார். அவருக்குப் பின்னால் வந்த ராசம்மாள், பேருந்து வருவதைக் கண்டதும் கூப்பிட வாயெடுத்தாள், பிறகு எப்போதும்போல், “இதோ, உங்களத்தான்!” என்றாள்.