டார்ச் வெளிச்சத்தில் ஒரு விண்ணப்பம்

அந்த அலுவலகக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை இருந்தது. அறை என்று சொல்வதே தாராளம். உள்ளே நிமிர்ந்து நிற்க வாசலுக்குப் பக்கத்தில் மட்டும்தான் இடம். அங்கே உட்கார்ந்து வருவோர் போவோருக்கெல்லாம் கணினியில் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தவரை 'ஃபாரம் அக்கா' என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். அவரைவிட இருபது வயது மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான்.

சிறு வயதில் நடந்த விபத்தில் அவருடைய இடது கால் மடங்காமல் போய்விட்டது. நீட்டியபடிதான் உட்கார முடியும். மேசைக்கு அடியில் கணினிப் பெட்டியை வைத்தால் கால் எங்கே போகும்? மேசைமேலும் பிரிண்டருக்குப் போக மிஞ்சியது ஒரு முழம்தான். அதனால் கடை திறந்தபோது, திரைக்குள்ளேயே எல்லாம் அடங்கிய ஆல்-இன்-ஒன் கணினியை வாங்கினார்.

கணினி பழுது பார்ப்பவர் அன்றே உதட்டைப் பிதுக்கினார். "பாக்க அழகாத்தான் இருக்கும்க்கா. ஆனா எல்லாம் ஒரே உடம்பு. ஒண்ணு படுத்தா மொத்தமும் படுத்துக்கும். சூடு வேற உள்ளயே சுத்தும். மூணு வருஷம் ஓடினா உங்க நல்ல நேரம்."

"நான் பாத்துக்கறேன்" என்றார் அக்கா.

பார்த்துக்கொண்டார். காற்று போக வழி வேண்டுமென்று சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைத்தார். சனிக்கிழமைதோறும் பெயின்ட் பிரஷால் பின்பக்கத் துளைகளின் தூசியைத் தட்டினார். மதியம் சாப்பிடும் நேரத்தில் அதையும் அணைத்து ஓய்வு கொடுத்தார். "உங்க வீட்டுக்காரரைக்கூட இப்படிக் கவனிச்சிருக்க மாட்டீங்க" என்று மாடி அலுவலகத்துக் குமாஸ்தா கேலி செய்தார். "அவரு சொன்ன பேச்சு கேக்க மாட்டாரே" என்றார் அக்கா. ஆறாம் வருடம் கணினி ஆமை வேகத்துக்கு வந்தது. பழைய டிஸ்கைக் கழற்றிப் புதிதாக மாட்டியதும் துள்ளி எழுந்தது. எட்டு வருடம் ஓடிவிட்டது.

ஒன்பதாம் வருடத்தில் ஒரு நாள் பிற்பகல், தையல் ஆலையில் வேலை செய்யும் ஒரு பெண்மணி மூச்சிரைக்க வந்தார். காது கேளாத தன் மகளைத் தொழிற்பயிற்சிப் பள்ளியில் சேர்க்க அன்றுதான் கடைசி நாள். ஐந்து மணிக்கு இணையதளத்தை மூடிவிடுவார்கள். அரை நாள் விடுப்புக் கேட்டு, கெஞ்சி வாங்கி வந்திருந்தார்.

மூன்று பக்கம் நிரப்பியாயிற்று. நான்காம் பக்கத்தில் திரை ஒருமுறை சிமிட்டியது. பிறகு கறுத்துப்போனது.

மணி நான்கு பத்து. உள்ளே விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. அக்காவின் கை விசைப்பலகைமேல் அப்படியே நின்றது. அணைத்துப் போட்டால் மூன்று பக்கமும் போய்விடும். எதிரே இருந்த இன்னொரு கணினிக் கடையிலோ வரிசை தெருவரைக்கும் நின்றது.

பழுது பார்ப்பவருக்குப் போன் போட்டார். அவர் எங்கேயோ தொலைவில் வேலையில் இருந்தார். "ஆறு மணிக்கு முன்னாடி வர முடியாதுக்கா. அணைச்சிடாதீங்க. மொபைல் டார்ச்சை ஸ்கிரீன் பக்கத்துல சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க. எழுத்து மங்கலாத் தெரியுதா?"

அந்தப் பெண்மணி டார்ச்சை அடித்தார். விழுந்த வட்டத்துக்குள் சாம்பல் நிறத்தில் எழுத்துகள் நீந்தின.

"தெரியுது!"

"அப்போ ஸ்கிரீனுக்கு உள்ள இருக்கற விளக்குதான் போச்சு. மெஷின் உயிரோடதான் இருக்கு. முடிச்சுடுங்க."

அக்கா தட்ட, அந்தப் பெண்மணி வெளிச்சத்தை வரி வரியாக நகர்த்தினார். கை கடுத்தபோது மாற்றிப் பிடித்தார். "இன்னும் கொஞ்சம் கீழ... போதும், போதும்... ஆடாதீங்க."

"ஆடலக்கா. கை மாத்துறேன்."

"பொண்ணு பிறந்த தேதி சொல்லுங்க. நிதானமா."

நான்கு ஐம்பத்திரண்டுக்குப் பிரிண்டரிலிருந்து ஒப்புகைச் சீட்டு வெளியே வந்தது. இருவரும் அதை இரண்டு தடவை படித்தார்கள். ஓர் எழுத்தும் பிசகவில்லை. அந்தப் பெண்மணி அக்காவின் தோளில் முகம் புதைத்து அழுதுவிட்டார்.

மறுநாள் பழுது பார்ப்பவர் வந்து கணினியைத் திறந்து பார்த்தார். "இந்த மாடலுக்கு ஸ்கிரீன் இப்போ வர்றதே இல்லக்கா. ஆனா உள்ள எல்லாம் பளிச்சுனு இருக்கு. நான் சொன்னது தப்பாப் போச்சு."

"பாதி சரிதான். விளக்கு ஒண்ணு போனதுக்கு மொத்தமும் படுத்துச்சே."

நல்லவேளையாக, வேறு திரையை இணைக்கும் துளை அதன் பின்பக்கம் இருந்தது. படிக்கட்டின் அடிப்பக்கச் சரிவில் பழுது பார்ப்பவர் ஒரு தனித் திரையை மாட்டிக் கொடுத்தார். மாட்டியது உயரம். அக்கா அண்ணாந்து பார்த்தே வேலை செய்தார். ராத்திரி கழுத்து வலித்தது. அப்படியே இரண்டு வருடம் போனது. பிறகு ஒரு காலையில் பொத்தானை அழுத்தியபோது விசிறிகூடச் சுற்றவில்லை. உள்ளே இருந்த மதர்போர்டே போய்விட்டது. டிஸ்கில் இருந்ததையெல்லாம் பழுது பார்ப்பவர் பத்திரமாக எடுத்துக் கொடுத்தார்.

அக்கா மறுபடியும் ஆல்-இன்-ஒன்தான் வாங்கினார். கால் மடங்காதே, வேறென்ன செய்வது?

மாடிக் குமாஸ்தா வந்து யோசனை கேட்டார். "வீட்டுக்கு ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். இதையே வாங்கட்டுமாக்கா?"

"வீட்டுல இடம் இருக்கா?"

"இருக்கு."

"அப்போ ஸ்கிரீன் வேற, பெட்டி வேறன்னு தனித்தனியா வாங்குங்க சார். ஒண்ணு போனா ஒண்ணை மாத்திக்கலாம்."