இசக்கியக்கா அடுப்பு எரிந்த கதை

சாண எரிவாயுக் கலன் அமைக்கும் தொழிலில் ஒரு வசதி உண்டு, யாரும் நம்மிடம் கைகுலுக்க வரமாட்டார்கள். இன்சூரன்ஸ் பிடிக்கப் போனவர்கள், கணக்கெடுப்புக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள், வாக்காளர் பட்டியலோடு வெயிலில் அலைந்த ஆசிரியர்கள், நீங்களெல்லாம் என் இனம். "அவர் வெளியே போயிருக்கார்" என்று அவரே உள்ளேயிருந்து குரல் கொடுப்பதை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

நான் பாளையங்கோட்டைக்காரி. டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணிக்குச் சேர்ந்தேன். தாமிரபரணிக் கரை ஊர்களில் மாடு வைத்திருப்பவர்களைப் பிடித்து, சாணத்தைக் கரைத்து ஊற்றினால் அடுப்பு எரியும் என்று நம்பவைக்க வேண்டும். கரும்பலகையில் படம் போட்டு விளக்கியதால் 'சாணி டீச்சர்' என்று பேர் வந்தது. என் அம்மா மட்டும் இன்றுவரை உறவுக்காரர்களிடம் நான் எரிசக்தித் துறையில் இருப்பதாகவே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கவிழ்த்து வைத்த சட்டி

கல்லிடைக்குறிச்சியை அடுத்து வாய்க்கால் கரையில் ஒரு ஊர். அங்கே இசக்கியக்கா தன் வீட்டிலேயே இட்லிக்கடை நடத்தினாள். விடியும் முன்பே விறகு அடுப்பு மூட்டி, வயலுக்குப் போகிறவர்களுக்கு இட்லி அவித்துக் கொடுப்பாள். இருமல் வந்துவிட்டால் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "அடுப்பை மாத்து, இல்லேன்னா கடையை மூடு" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சிலிண்டர் வாங்கி இட்லிக்கடை நடத்தக் கட்டுப்படியாகாது. தொழுவத்திலோ நாலு மாடு நிற்கிறது. அந்தக் கடையை மூடவிடக்கூடாது என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன்.

அக்கா உடனே சரி என்றாள். அவள் கணவர் சுடலைமுத்து அண்ணாச்சிதான் மசியவில்லை. வேண்டாம் என்றும் சொல்லமாட்டார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். மேலப்பாளையத்திலிருந்து எங்கள் கொத்தனார் மீரான் பாய் வந்து, குழி வெட்டி, கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி செங்கல் கூடு கட்டி முடித்தார். அண்ணாச்சி அதை மூன்று சுற்று சுற்றி வந்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "எம்மா, கூடங்குளத்துலயும் இப்பிடித்தான கவுத்து வச்சிருக்காவ? இனிமே எங்க வீட்டு வாசல்லயும் போலீஸ் நிக்குமா?"

முகூர்த்தம் தவறிய பால்

சாணத்தையும் தண்ணீரையும் சரிக்குச் சரி கரைத்து ஊற்றினோம். மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். முதலில் சேரும் வாயு எரியாது, அதில் காற்றும் கரியமில வாயுவும்தான் இருக்கும், ஆகவே ரெண்டு மூன்று தடவை வால்வைத் திறந்து வெளியே விட்டுவிடுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டு வந்தேன். அண்ணாச்சி தலையை ஆட்டினார். தலையாட்டுகிறவர்களை நம்பக்கூடாது என்பது உங்களுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் நம்பினேன்.

புது அடுப்பில் பால் காய்ச்ச அவராகவே நாள் குறித்து, சொந்தபந்தங்களையெல்லாம் அழைத்துவிட்டார். அடுப்புக்கு மாலை, பானைக்கு மஞ்சள் கொத்து. நல்ல நேரம் தொடங்கியதும் ஒரு பெரியம்மா குலவை போட, நான் தீக்குச்சியைக் கிழித்தேன். அணைந்தது. அடுத்ததும் அணைந்தது. தீப்பெட்டி பாதியானபோது பெரியம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. வெளியே போய் வால்வைப் பார்த்தால் அதன்மேல் சாக்கைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. முதல் வாயுவை அண்ணாச்சி ஒரு பொட்டுக்கூட வெளியே விடவில்லை. வீட்டுக்கு முதன்முதலாக வருவதை எவனாவது கதவைத் திறந்து வெளியே அனுப்புவானா என்பது அவர் கேள்வி.

கடைசியில் முற்றத்தில் மூன்று கல்லைக் கூட்டி, ஓலையைப் பற்றவைத்துப் பாலைப் பொங்கவைத்தார்கள். அந்தப் புகையில் அக்கா இருமினாள். நான் அழுதுவிடுவேன் போல நின்றிருக்க வேண்டும். அக்காதான் என் கையில் ஒரு டம்ளர் பாலைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "வெசனப்படாதிய டீச்சர். எங்க கல்யாணத்தன்னைக்கும் இவுக முகூர்த்தத்துக்கு வந்து சேரல. பொறவு பைய வந்துட்டாவ, வாழலையா?"

சுத்தம்

வாயுவைத் திறந்துவிட்ட நாலாம் நாள் அடுப்பு நீலமாக எரிந்தது. அக்கா இட்லிக் கொப்பரையை ஏற்றிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். சந்தோஷம் பத்து நாள் நீடித்தது. அதற்குள் எங்கள் அலுவலகத்திலிருந்து பெரியவர் ஒருவர் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "தொழுவத்தைக் கொஞ்சம் சுத்தமா வைங்க அண்ணாச்சி" என்று சொல்லித் தொலைத்தேன்.

பெரியவர் வந்தார், பார்த்தார், இவ்வளவு சுத்தமான தொழுவத்தை நான் கண்டதில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனார். மூன்றாம் நாள் அடுப்பு சிணுங்கியது, ஐந்தாம் நாள் அணைந்தே போனது. அக்கா மறுபடியும் விறகைத் தூக்கினாள். எதிர்வீட்டுக்காரர்கள், நாங்க அப்பவே சொன்னோம் என்று ஆரம்பித்துவிட்டார்கள். இருமல் முன்னைவிட மோசமானது. இந்த மாசத்தோடு கடையை நிறுத்திவிடலாமா என்று அக்கா என்னிடமே கேட்டாள். மீரான் பாயைக் கூட்டிவந்தேன். அவர் குழாயைத் தட்டிப் பார்த்தார், வால்வைத் திருகிப் பார்த்தார், சாணம் கரைக்கும் தொட்டிமேல் குனிந்து ஒரு மூச்சு இழுத்தார். அப்படியே நிமிர்ந்து தொழுவத்தைப் பார்த்தார். மூலையில் மூன்று காலி பினாயில் பாட்டில்கள் வரிசையாக நின்றன. கழுவிய தண்ணீர் முழுவதும் தொட்டிக்குள்தான் ஓடியிருக்கிறது. உள்ளே வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் கூண்டோடு கைலாசம் போய்விட்டன. பாய் மூக்கைத் துடைத்துக்கொண்டு அண்ணாச்சியிடம் கேட்டார்: "யா அல்லா! இங்கன என்ன வே ஆஸ்பத்திரி வாடை அடிக்கி? மாட்டுக்கு ஆப்பரேசன் ஏதும் பண்ணுனியளா?"

கேன்

கலனில் பாதியை இறைத்துக் கொட்டிவிட்டுப் புதுச் சாணம் ஊற்றினோம். தொழுவம் கழுவுகிற தண்ணீருக்குத் தனி வாய்க்கால் வெட்டினோம். ஆனால் மறுபடியும் மூன்று வாரம் காத்திருக்க அக்காவின் நெஞ்சு தாங்காது. அம்பாசமுத்திரம் பக்கம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு கலனிலிருந்து நொதித்த சாணக் கரைசலைக் கொண்டுவந்து கலந்தால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். மூன்று பிளாஸ்டிக் கேன்களில் பிடித்து, மூடியை இறுக்கி, பஸ்ஸில் ஏறினேன். அது சும்மா இருக்கிற சாமானா? குலுங்கக் குலுங்க உள்ளே வாயு சேர்ந்து, ஒரு கேன் கர்ப்பிணி மாதிரி உப்பிவிட்டது. கொஞ்சம் மூடியைத் தளர்த்தினேன். பின் இருக்கைகள் காலியாகி, எல்லோரும் டிரைவர் பக்கம் போய் நின்றுகொண்டார்கள். கண்டக்டர் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கொள்கிறீர்களா என்று மரியாதையாகத்தான் கேட்டார். இது ஒரு அம்மாவின் நெஞ்சுவலிக்கான மருந்து என்று சொன்னேன். முழுப் பொய்யும் இல்லை. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அந்த அம்மாவுக்காக வருத்தப்பட்டுக்கொண்டு விட்டுவிட்டார்.

கரைசலை ஊற்றும்போது அக்கா பக்கத்தில் நின்றாள். இது எதுக்கு என்று கேட்டாள். நான் கூட்டங்களில் சொன்ன அதே விளக்கத்தை, நுண்ணுயிர், நொதித்தல், காற்றில்லாச் சூழல் என்று தொடங்கினேன். அவள் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள்: "பால்ல ஒறை மோர் ஊத்துத மாதிரின்னு ஒத்த வார்த்தை சொன்னா நான் அன்னைக்கே புரிஞ்சிருப்பேம்லா. அதை விட்டுட்டு போர்டுல புழுப் புழுவாப் படம் போட்டிய."

அண்ணாச்சியின் நட்டம்

ஒன்பதாம் நாள் அடுப்பு பிடித்துக்கொண்டது. அதன்பிறகு அணையவில்லை. கடை நடந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் போனேன். வாசலில் நாலைந்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே அக்கா கொப்பரை மூடியைத் திறந்தாள், ஆவி முகத்தில் அடித்தது. நான் பழக்கத்தில் இருமல் வரப்போகிறது என்று காத்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தத் தடவை புகைமேல் பழி போடவும் வழியில்லை.

அண்ணாச்சி சட்னி வாளியோடு வந்தார். அடுப்பு எப்படி என்று கேட்டேன். இத்தனை நாளில் ஒரு வார்த்தைகூட நல்லதாகச் சொல்லாத மனிதர், அன்றும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீங்க வந்ததுல எனக்கு நட்டந்தான் டீச்சர். இத்தன வருசமா இவ இருமுத சத்தத்துலதான் நான் முழிச்சு மாட்டுக்கிட்ட போவேன். இப்பம் சத்தமே இல்ல, விடிஞ்சது தெரியாம ஒறங்கிப் போயிடுதேன்."

சாணத்தில் கைவைத்த இத்தனை காலத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டுப் பத்திரம் அதுதான், அதையும் புகார் மனுவாகத்தான் கொடுத்தார்.